ஐரோப்பாவில் வாடகைக் கார் ஓட்டும் சிங்கப்பூரருக்கு: நாட்டுக்கு நாடு மாறும் சாலை விதிகளும் காரில் தங்கிவிடும் தரவுகளும்

உட்லண்ட்சிலும் துவாசிலும் வரிசையில் நின்று கடப்பிதழ் காட்டிப் பழகிய நமக்கு, ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் பெரும்பாலும் எவரும் நிறுத்தாமலே கார் ஓட்டிச் செல்ல முடிவது வியப்பளிக்கும். எல்லையில் சாவடி இல்லாததால், சாலை விதிகளும் அப்படியே தொடரும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. வேக வரம்பு, மது வரம்பு, சாலைக் கட்டணம், குளிர்காலச் சக்கரம், குழந்தை இருக்கை, காரின் முன்கேமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாடும் தனி விதி வைத்திருக்கிறது. சில விதிகள் நகருக்கு நகர்கூட மாறுகின்றன. ஆனால் அதே கார் உங்களைப் பற்றிச் சேர்க்கும் தரவுகளுக்கான சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் ஒன்றே. ஆகவே சாலை விதிகளை எல்லைக்கு எல்லை தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தரவு உரிமையை ஒருமுறை கற்றுக்கொண்டால் எங்கும் பயன்படுத்தலாம். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பயண வரிசைப்படி விளக்குகிறது.

எடுத்துக்காட்டாக, டிசம்பர் பள்ளி விடுமுறையில் நம்மவர் குடும்பங்கள் விரும்பும் ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். மியூனிக்கில் கார் எடுத்து, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் வழியாக பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலியின் ஃபிளாரன்ஸ் சென்று, மிலான் வழியே சுவிட்சர்லாந்துக்குள் ஏறி, பாரிசில் முடிக்கும் பாதை அது. ஐந்து நாடுகள்; அவற்றில் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை.

விதிகள் ஏன் ஒன்றாகவில்லை

1968ஆம் ஆண்டு வியன்னாவில் சாலைப் போக்குவரத்து பற்றியும் சாலைக் குறியீடுகள் பற்றியும் இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகள் உருவாயின. சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்பிட்ட வட்டம் தடை என்ற அளவில் ஐரோப்பா முழுவதும் ஒத்திருப்பதற்கு அவையே முக்கியக் காரணம். ஆனால் நிறங்களில் அவை நாடுகளுக்கு இடம் விட்டன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் விரைவுச்சாலைப் பலகை நீலம். இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் பச்சை. இத்தாலியில் நீலப் பலகையைப் பின்தொடர்ந்தால் விரைவுச்சாலையை விட்டுச் சாதாரண நெடுஞ்சாலைக்குப் போய்விடுவீர்கள்.

ஒன்றியத்தைப் பொறுத்தவரை, கார் என்பது பொதுச் சந்தையில் விற்கப்படும் பொருள் என்பதால் அதன் தயாரிப்புத் தரம் எல்லா நாடுகளுக்கும் ஒன்றாக்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம், குடிமக்கள் தடையின்றி இடம்பெயரும் உரிமையுடன் சேர்ந்தது என்பதால் அதுவும் ஒத்திசைக்கப்பட்டது. 2025இல் மின்னிலக்க உரிமத்துக்கு வழிசெய்யும் புதிய நெறிமுறையும் நிறைவேறியது. எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதோ இன்றுவரை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்யும் விஷயமாகவே இருக்கிறது. வாகனமோட்டிகளின் சங்கங்கள் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸில் நெடுங்காலமாக இதைப் பேசிவருகின்றன. என் கருத்தில், ஒரே வேக வரம்பு விரைவில் வரப்போவதில்லை. அது வந்தேதான் ஆக வேண்டும் என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் சமவெளிக்கும் ஆல்ப்ஸ் மலைப்பாதைக்கும் ஒரே எண் பொருந்தாது. வாகனமோட்டி கேட்க வேண்டியது வேறு: ஒரு நாட்டில் வாங்கிய மாசு வில்லை (காரின் மாசு அளவைக் காட்டும் ஒட்டுச்சீட்டு) அடுத்த நாட்டிலும் செல்ல வேண்டும், அபராதக் கடிதம் பெறுபவருக்குப் புரியும் மொழியில் வர வேண்டும், மறுப்புத் தெரிவிக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அனுமதி என்பது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றதே, உரிமத்துக்கு மாற்று அன்று. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க உரிமத்தை நம்பிச் செல்லாமல், அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாடகை அலுவலரோ கிராமத்துச் சாலையில் நிறுத்தும் காவலரோ திரையில் காட்டுவதை ஏற்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, நீங்கள் செல்லவிருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் காரைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பது. இரண்டாவது, குளிர்காலச் சக்கரம். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் மலையும் பனித்துகளும் வரைந்த குறியுள்ள சக்கரங்கள் மட்டுமே குளிர்காலச் சக்கரங்களாக ஏற்கப்படுகின்றன. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருக்கும்போது குளிர்காலச் சக்கரம் கட்டாயம். வாடகை நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கும். கொடுத்துவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மூன்றாவது, குழந்தை இருக்கை. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்தைத் தாண்டிய பிள்ளைக்குத் தனி இருக்கை தேவையில்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயது நிறையாத பிள்ளை 1.50 மீட்டர் உயரத்தை எட்டும்வரை அது தேவை. ஆகவே இங்கே இருக்கையை விட்டுவிட்ட பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே மீண்டும் வேண்டியிருக்கும்.

நான்காவது விஷயத்தைப் பெரும்பாலோர் கேட்பதில்லை: இந்தக் காரில் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் கருவி உண்டா, அது எதைப் பதிவு செய்கிறது, பதிவு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும். திருட்டைத் தடுக்கவும், அனுமதியில்லாத நாட்டுக்குக் கார் போவதை அறியவும் வாடகை நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைப் பொருத்தலாம். பொருத்தினால் அதை உங்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டிய கடமை அவற்றுக்கு உண்டு. ஒப்பந்தத்தின் தனியுரிமைப் பகுதியைப் படித்து, அதன் நகலைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னர் கடிதம் எழுத நேர்ந்தால் அதுவே அடிப்படை.

எல்லைக்கு எல்லை

வலப்புறம் ஓட்டுவதைவிட, வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவதே நமக்குக் கடினமாக இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் விளக்கோ பலகையோ இல்லாத சந்திப்பில், சிறு சந்திலிருந்து வந்தாலும் வலப்புறத்தவருக்கே முன்னுரிமை. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் நிற வைரவடிவப் பலகையைக் கண்டால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே பலகையின் குறுக்கே கோடு போட்டிருந்தால் அந்த முன்னுரிமை முடிந்தது. குடியிருப்புப் பகுதிகளில் இந்த ஒரு பலகையைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

ஜெர்மனியின் விரைவுச்சாலைகளில் வரம்பில்லாத பகுதிகள் இருந்தாலும் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். சிங்கப்பூரில் உச்ச வேகமே 90 என்பதை நினைவில் வைத்து, இடப்புறத் தடத்தை முந்துவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வலப்புறமாக முந்துவது குற்றம். நெரிசலில் வாகனங்கள் ஊர்ந்து செல்லத் தொடங்கியதுமே, இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கமும் மற்ற எல்லாரும் வலப்பக்கமும் ஒதுங்கி, மீட்பு வாகனத்துக்கு நடுவே வழி விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவது போதாது. ஆஸ்திரியாவிலும் இதே விதி.

ஆஸ்திரியாவின் விரைவுச்சாலைகளுக்குக் காலக் கட்டண வில்லை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குச் சாலைக் கட்டணம் செலுத்தியதைக் காட்டும் சீட்டு, வேண்டும். ஒரு நாள், பத்து நாள், இரண்டு மாதம், ஓராண்டு என்று பல வகைகள் உண்டு; மின்னிலக்க வில்லை காரின் பதிவெண்ணுடன் இணைவதால், காரைக் கையில் பெற்ற பிறகே வாங்க முடியும். பிரென்னர் விரைவுச்சாலைக்கு அந்த வில்லை செல்லாது, அதற்குத் தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் ஆண்டு வில்லை மட்டுமே உண்டு. விலை 40 பிராங்க். ஓர் இரவு தங்குபவரும் முழு ஆண்டுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் வில்லையும் அதற்கு முந்தைய டிசம்பர் 1 முதலே செல்லும் என்பதால், டிசம்பரில் செல்வோர் அடுத்த ஆண்டுக்கான வில்லையை வாங்குவது நல்லது. இத்தாலியிலும் பிரான்சிலும் பெரும்பாலான விரைவுச்சாலைகளில் சாவடியில் சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்டணம் செலுத்தும் முறை. அங்கே மின்னியல் கருவி வைத்திருப்போருக்கான தடத்தில் நுழைந்துவிடாமல், ரொக்கம் அல்லது அட்டை படம் போட்ட தடத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் இஆர்பி போலக் கருவி தானே கழித்துக்கொள்ளும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

மது விஷயத்தில் சிங்கப்பூரின் வரம்பு, அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், இந்த ஐந்து நாடுகளின் வரம்பைவிடத் தளர்வானது, அங்கெல்லாம் 50. ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ருமேனியா ஆகியவற்றில் பூஜ்யம். இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு என்று கணக்குப் போட்டுக் குடித்தவர் அங்கே குற்றவாளி ஆகிவிடுவார். குடித்தால் ஓட்டாதிருப்பதே ஒரே கணக்கு.

இத்தாலிய நகரங்களில் வெளியூரார் அதிகம் மாட்டிக்கொள்வது வேகத்தால் அன்று. கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி எனப்படும் பழைய நகர மையத்துக்குள் நுழைவதால்தான். ஃபிளாரன்ஸ், ரோம், பைசா முதலிய நகரங்களில் அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே செல்லலாம். நுழைவாயிலில் கேமரா எண்ணைப் படித்துவிடும். மின்பலகையில் “வார்கோ ஆத்திவோ” என்று எரிந்தால் கேமரா இயங்குகிறது, நுழையக் கூடாது. “நோன் ஆத்திவோ” என்றிருந்தால்தான் நுழையலாம். வழிகாட்டும் செயலி இதை எப்போதும் சொல்வதில்லை. உங்கள் ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், வருவதற்கு முன்பே கார் எண்ணை அனுப்பி, நகராட்சியிடம் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பதிவு செய்ததற்கான மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமில் செல்வதே மலிவு. ஒரே நாளில் இரண்டு வாயில்களைக் கடந்தால் இரண்டு அபராதம் வரக்கூடும்.

தானா மேரா கோஸ்ட் சாலையில் சராசரி வேகக் கேமராவைக் கண்டவர்களுக்கு, இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் உள்ள அத்தகைய ஏற்பாடுகள் புதிதல்ல. கேமராவுக்கு முன் மட்டும் பிரேக் பிடிப்பது பயன்தராது. மழை பெய்தால் இத்தாலியிலும் பிரான்சிலும் விரைவுச்சாலை வரம்பு 130இலிருந்து 110ஆகக் குறைகிறது. வேகக் கேமராக்களை முன்கூட்டி எச்சரிக்கும் வசதியை ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. நம் கைப்பேசியில் வழக்கமாக இயங்கும் வழிகாட்டிச் செயலியில் அந்த எச்சரிக்கையை முன்பே அணைத்துவிடுங்கள்.

முன்கேமரா

சாலை விதியும் தரவுப் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. சிங்கப்பூரில் முன்கேமரா இல்லாத காரைப் பார்ப்பதே அரிது. விபத்துக் காட்சியைச் சமூக ஊடகத்தில் ஏற்றுவது அன்றாட வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவில் பொதுச்சாலையில் செல்வோரின் முகமும் கார் எண்ணும் தனிப்பட்ட தரவு. காரணமின்றித் தொடர்ந்து பதிவு செய்வது அவர்களின் உரிமையில் தலையிடுவது. போர்ச்சுகலில் முன்கேமராவுக்குத் தடை. ஆஸ்திரியாவில் தனியார் பொதுச்சாலையைத் தொடர்ந்து பதிவு செய்வது பெரும்பாலும் சட்டவிரோதமாகவே கருதப்படுகிறது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில், தொடர்ப் பதிவு தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானதுதான், ஆனாலும் விபத்து வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமோ 2019இல், கடுமையான குற்றங்களுக்கு மட்டுமே அத்தகைய காட்சியைச் சான்றாக ஏற்க முடியும் என்றது.

ஐந்து நாடுகளைக் கடக்கும் பயணத்தில் எல்லைக்கு எல்லை கேமராவைக் கழற்றி மாட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே உங்கள் சொந்தக் கேமராவை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். விபத்து நேர்ந்தால் கார் நின்ற பிறகு கைப்பேசியில் நிலையான படங்களை எடுத்துக்கொண்டு, காரில் வைத்திருக்கும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவத்தை இரு ஓட்டுநர்களும் நிரப்பிக் கையெழுத்திடுவது அங்கு எல்லா இடத்திலும் ஏற்கப்படும் முறை. அந்தப் படிவத்தின் கட்டங்களும் எண்களும் எல்லா மொழியிலும் ஒரே வரிசையில் இருப்பதால், எதிரே இருப்பவரின் மொழி தெரியாவிட்டாலும் நிரப்பலாம். ஒத்திசைவு வேலைசெய்யும் இடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கார் எதைப் பதிவு செய்கிறது

புதிய காரில் ஏறியதும் மேற்கூரையில் எஸ்ஓஎஸ் பொத்தான் ஒன்றைக் காண்பீர்கள். 2018 மார்ச் 31க்குப் பின் ஒன்றியத்தில் அங்கீகாரம் பெற்ற புதிய வகைக் கார்களில் ஈகால் எனும் இந்த அவசர அழைப்பு ஏற்பாடு கட்டாயம். பலத்த மோதலில் அது தானாகவே 112 எண்ணை அழைத்து, இருப்பிடம், நேரம், செல்லும் திசை, வாகன அடையாள எண் போன்ற சிறிய தொகுப்பை மட்டும் அனுப்பும். மற்ற நேரங்களில் அது உறங்கிக் கிடக்கும், உங்களைப் பின்தொடராது. இதைக் குறித்து அஞ்சத் தேவையில்லை. ஆனால் அதே பொத்தான் வழியாகக் கார் நிறுவனம் வழங்கும் தனிச் சேவைகள் வேறு கணக்கு; அவற்றுக்கு வேறு ஒப்பந்தம், வேறு தரவு.

2024 ஜூலை முதல் ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் வேக உதவிக் கருவியும் நிகழ்வுப் பதிவுக் கருவியும் இருக்க வேண்டும். வேக உதவிக் கருவி பலகையைப் படித்து, வரம்பைத் தாண்டினால் ஒலி எழுப்பும்; அணைக்கலாம், ஆனால் காரை மீண்டும் இயக்கும்போது தானே விழித்துக்கொள்ளும். பலகையைத் தவறாகப் படிப்பதும் உண்டு என்பதால், அது சொல்லும் எண்ணை நம்பி ஓட்ட வேண்டாம். அபராதம் உங்களுக்கே வரும், கருவிக்கு வராது. நிகழ்வுப் பதிவுக் கருவி விபத்துக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள சில நொடிகளின் வேகம், பிரேக் போன்றவற்றைச் சேமிக்கும். அதை அணைக்க முடியாது, அதில் ஓட்டுநரின் பெயரோ இருப்பிடமோ இருக்காது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நீங்களே காருக்குக் கொடுப்பதைப் பற்றித்தான். கைப்பேசியை புளூடூத்தில் இணைக்கும்போது, தொடர்புப் பட்டியலையும் அழைப்பு வரலாற்றையும் நகலெடுக்கவா என்று கார் கேட்கும், மறுத்துவிடுங்கள். பாட்டுக் கேட்கவும் அழைப்பு எடுக்கவும் அந்த அனுமதி தேவையில்லை. வழிகாட்டுதலுக்குக் காரின் சொந்தத் திரையில் முகவரி தட்டுவதைவிட, உங்கள் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துவது நல்லது. மின்னூட்டம் மட்டும் வேண்டுமென்றால் யுஎஸ்பி வாயிலில் செருகாமல், 12 வோல்ட் துளையில் மாட்டும் சிறு செருகியைக் கொண்டுசெல்லுங்கள். காரின் திரையில் இசைச் சேவையிலோ கார் நிறுவனத்தின் கணக்கிலோ உள்நுழைய வேண்டாம்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகள். 2015 ஜனவரியில், ஜெர்மன் வாகனமோட்டிகள் சங்கமான ஏடிஏசி கண்டுபிடித்த குறைபாட்டால் ஏறத்தாழ 22 லட்சம் பிஎம்டபிள்யூ குழுமக் கார்களைத் தொலைவிலிருந்தே திறக்க முடியும் என்று தெரியவந்தது. நிறுவனம் அதைச் சரிசெய்தது. 2024 டிசம்பரில், ஃபோக்ஸ்வேகன் குழுமத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 8 லட்சம் மின்கார்களின் தரவு பாதுகாப்பின்றி இணையத்தில் கிடந்தது வெளிவந்தது. அவற்றில் பலவற்றின் துல்லியமான இருப்பிடமும் அதில் இருந்தது. கார் எங்கே இரவு முழுவதும் நின்றது என்று தெரிந்தால், அதன் உரிமையாளர் யார் என்று ஊகிப்பது கடினமன்று.

காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், விமான நேரத்துக்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அமைப்புகள் பட்டியலில் இணைக்கப்பட்ட கைப்பேசிகளில் உங்களுடையதை நீக்குங்கள். வழிகாட்டியின் அண்மைய இடங்களையும் வீடு என்று சேமித்ததையும் அழியுங்கள். தனிப்பட்ட தரவை அழி அல்லது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பு என்ற தெரிவு இருந்தால் அதையே அழுத்துங்கள். பிறகு உங்கள் கைப்பேசியின் பட்டியலிலிருந்தும் காரை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் உங்களுக்கு முன் ஓட்டியவர்களின் பெயர்களும் இருப்பதைப் பார்த்தால், இதை ஏன் செய்ய வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையிராது.

அபராதக் கடிதம் வந்தால்

நடைமுறை இதுதான். கேமரா கார் எண்ணைப் படிக்கும். காவல்துறை பதிவேட்டில் உரிமையாளரைத் தேடும். உரிமையாளர் வாடகை நிறுவனம் என்பதால் அந்நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுக்கும். அந்த வேலைக்கு உங்கள் கடன்பற்று அட்டையில் ஒரு கட்டணம் கழிக்கும். அது அபராதம் அன்று, நிர்வாகக் கட்டணம். அபராதம் தனியாக, சில மாதங்கள் கழித்து, அஞ்சலில் வரும். இத்தாலியில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள் வரை காலம் உண்டு. அட்டையில் கழித்ததோடு முடிந்தது என்று எண்ணி, பின்னர் வந்த கடிதத்தை மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். அதே சமயம், உண்மையாகவே மோசடிக் கடிதங்களும் உண்டு என்பதால், கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டாமல், அந்த நகராட்சியின் தளத்துக்கு நீங்களே சென்று கடித எண்ணை உள்ளிட்டுப் பாருங்கள். இத்தாலியில் பல குற்றங்களுக்கு, அறிவிப்புக் கிடைத்த ஐந்து நாளுக்குள் செலுத்தினால் 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு.

ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் வாகன உரிமையாளரின் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள 2015இல் நெறிமுறை ஒன்று வந்தது. வேகம், சிவப்பு விளக்கு, இருக்கைப் பட்டை, மது, போதைப்பொருள், கைப்பேசி, தலைக்கவசம், தடைசெய்த தடம் என எட்டுக் குற்றங்களை அது உள்ளடக்கியது. 2024இல் அது விரிவாக்கப்பட்டது. வாகனம் பதிவான நாட்டின் மொழியில் கடிதம் அனுப்பச் சொல்வதும் அந்த நெறிமுறையே. ஆனால் அது சிங்கப்பூர் முகவரிக்குப் பொருந்தாது. உங்கள் விவரம் அங்கே போவது வாடகை ஒப்பந்தம் வழியாகத்தான். காவல்துறை கேட்டால் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் சட்டக் கடமை என்பதால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அதைத் தடுக்க முடியாது. நீங்கள் கேட்கக் கூடியது சான்று: எந்த வாயில், எந்த நேரம், படம் உண்டா. நேரத்தைச் சரிபாருங்கள், காரைத் திருப்பிக் கொடுத்த பிறகான நேரமாக இருந்தால், திருப்பிக் கொடுத்த ரசீது உங்களைக் காக்கும். அதற்காகவே அந்த ரசீதை ஒன்றரை ஆண்டுக்காவது வைத்திருங்கள்.

தரவைக் கேட்கும் கடிதம்

2018 மே 25 முதல் நடப்பிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உங்கள் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஒன்றியத்தில் இயங்கும் நிறுவனம் உங்கள் தரவைக் கையாண்டால், நீங்கள் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகும் கேட்கும் உரிமை உண்டு. நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தரவைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கலாம். ஐரோப்பியச் சட்டம் அதற்கு மேல், அழிக்கச் சொல்லும் உரிமையையும் வெளிப்படையாகத் தருகிறது. நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்; சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். கட்டணம் கேட்கக் கூடாது.

கடிதத்தை ஆங்கிலத்திலேயே எழுதலாம், அதன் சாரம் இப்படி இருக்கட்டும்: “எனது வாடகை ஒப்பந்த எண் இது, கார் எண் இது, இந்த நாள் முதல் இந்த நாள் வரை ஓட்டினேன். ஒழுங்குமுறையின் 15ஆம் பிரிவின்படி, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தரவின் நகலைத் தருக. காரின் இருப்பிடம், வேகம், ஓட்டும் முறை ஆகியவை பதிவு செய்யப்பட்டனவா, என்ன நோக்கத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று தெரிவிக்கவும். 17ஆம் பிரிவின்படி, சட்டக் கடமைக்குத் தேவைப்படாதவற்றை அழித்து அதை உறுதிப்படுத்தவும்.” இதை ஒப்பந்தத்தில் கண்ட தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், முன்மேசை அலுவலருக்கு அனுப்பினால் அது அங்கேயே தேங்கிவிடக்கூடும். அடையாளம் கேட்டால், கடப்பிதழ் நகலில் பெயரைத் தவிர மற்ற எண்களை மறைத்து அனுப்புங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்டதும் கொடுத்துவிடும் நம் பழக்கம் இங்கே தேவையில்லை.

பதில் வராவிட்டால் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் இணையம் வழியே புகார் அளிக்கலாம். பிரான்சில் சிஎன்ஐஎல், இத்தாலியில் காரன்டே. ஜெர்மனியில் மாநிலத்துக்கு ஒன்று இருப்பதால் நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் என்று முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2023 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்நாட்டின் தனிச் சட்டம் பொருந்தும்.

இங்கேயே ஐரோப்பியக் கார் வைத்திருப்பவருக்கு

2025 செப்டம்பர் 12 முதல் ஒன்றியத்தில் தரவுச் சட்டம் எனும் இன்னொரு சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. இணைய வசதியுள்ள காரைச் சொந்தமாக வைத்திருப்பவரும் குத்தகைக்கு எடுத்தவரும், தம் பயன்பாட்டால் உருவாகும் தரவைப் பெறவும், தாம் விரும்பும் பழுதுபார்ப்பவருக்கோ காப்பீட்டாளருக்கோ அதைக் கொடுக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. இதன் பின்னால் நீண்ட இழுபறி உண்டு. தரவு தம் கணினி வழங்கியின் (சர்வர்) வழியாகவே வெளியே போக வேண்டும் என்று கார் நிறுவனங்கள் கேட்டன. அப்படியானால் போட்டி நிறுவனங்களின் பட்டறைக்கு எது போகலாம், எவ்வளவு விலைக்கு என்பதை அவையே தீர்மானிக்கும் என்று வாகனமோட்டிகள் சங்கங்களும் தனிப் பட்டறைக்காரர்களும் எதிர்த்தனர். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்த உரிமை உடனே பயன்படும். சிங்கப்பூரில் வாங்கிய காருக்கு அது நேரடியாக எட்டாது. ஆனால் காரின் செயலியில் நீங்கள் திறந்த கணக்கை ஐரோப்பாவிலுள்ள நிறுவனமே கையாள்வதாகத் தனியுரிமை அறிவிப்பில் இருந்தால், மேற்சொன்ன கடிதத்தை அதற்கும் எழுதலாம். உள்ளூர் விநியோகிப்பாளருக்கு நம் சட்டத்தின்கீழ் தனிக் கடிதம்.

வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்து காரை வணிகரிடம் ஒப்படைக்கும்போது, அது உடைக்கப்படுமா அல்லது வேறு நாட்டுக்கு ஏற்றுமதியாகுமா என்பது பல நேரம் உங்களுக்குத் தெரியாது. சாவியைக் கொடுப்பதற்கு முன், காரின் திரையிலிருந்து உங்கள் கணக்கை நீக்கி, கைப்பேசிச் செயலியிலிருந்து காரை விடுவித்து, காரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். வீட்டுக் கதவையோ வண்டி நிறுத்தும் தடுப்பையோ திறக்கும் குறியீடு காரில் சேமித்திருந்தால் அதையும் அழியுங்கள். செயலியில் கார் இன்னும் தெரிகிறதா என்று மறுநாள் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரிந்தால் விநியோகிப்பாளரை அழைத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டதாக எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.